புன்செய்க் காட்டில் மாற்றுப் பயிர்

இந்திய உழவர்களுக்கு மாற்றுப் பயிர் முறை தெரியாது என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் அதே தானியத்தை விதைக்கிறார்கள், எருவை எரித்து விடுகிறார்கள், மண்ணைக் கீறுவதற்கு மேல் உதவாத ஒரு மரக்கலப்பையை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள் என்று பேசினர். இக்குற்றச்சாட்டு எந்த அளவுக்கு உண்மை என்பதை இன்று நாம் பார்க்கப் போகிறோம். மலேசியத் தமிழரிலும் சிங்கப்பூர்த் தமிழரிலும் பலருடைய பாட்டன் பூட்டன்மார் திருச்சி, தஞ்சை, சேலம், கோயம்புத்தூர் போன்ற மாவட்டங்களின் ஊர்ப்புறங்களிலிருந்து கப்பல் ஏறியவர்கள். ஏர் பிடித்த கையும் களை எடுத்த கையும் அவர்களுடையவை. ஆகவே இது நமக்கு அயலார் வழக்கு அன்று.

குற்றம் சாட்டியவர்கள் எந்த அளவுகோலை வைத்து அளந்தார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் என்று ஒரு பகுதி. அங்கே நான்காண்டுச் சுற்று ஒன்று புகழ் பெற்றிருந்தது. முதலாண்டு கோதுமை, இரண்டாம் ஆண்டு டர்னிப் கிழங்கு, மூன்றாம் ஆண்டு பார்லி, நான்காம் ஆண்டு குளோவர் என்னும் தீவனப் பயிர், பிறகு மீண்டும் கோதுமை. கிழங்கையும் தீவனத்தையும் ஆடு மாடுகள் தின்றன. அவற்றின் எரு நிலத்துக்குத் திரும்பியது. நிலத்தைத் தரிசாகப் போட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. சிறந்த முறைதான், அதில் ஐயமில்லை. ஆனால் இம்முறையில் வயல்கள் தனித்தனி; ஒரு வயலில் ஓர் ஆண்டில் ஒரு பயிர்தான். ஆண்டு மாறினால் பயிர் மாறும். மாற்றுப் பயிர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பழகிய கண், வேறு வடிவத்தில் வந்ததை அடையாளம் காணத் தவறிவிட்டது.

அந்த வேறு வடிவத்தைக் காண நாம் கொங்கு நாட்டுக்குப் போவோம். அக்காலக் கோயம்புத்தூர் மாவட்டம் இன்றைய ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பகுதிகளையும் உள்ளடக்கிய பெரிய மாவட்டம். கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 25 அங்குலம். அதுவும் இரண்டு பருவங்களாகப் பிரிந்து வரும். சில ஆண்டுகளில் வரவே வராது. ஈரமான பூமியில் வாழும் நமக்கு இது எவ்வளவு குறைவு என்பது எளிதில் விளங்காது. கோலாலம்பூரில் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் பெய்கிறது. அங்கே மழையை மட்டும் நம்பியிருக்கும் புன்செய் நிலத்தைக் ‘காடு’ என்பார்கள். மரம் அடர்ந்த வனம் என்று பொருள் கொள்ளக்கூடாது. “காட்டுக்குப் போயிருக்கிறார்” என்றால் வயலுக்குப் போயிருக்கிறார் என்று பொருள்.

திப்பு சுல்தான் 1799ஆம் ஆண்டு வீழ்ந்த பின், ஆங்கிலக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த வெல்லெஸ்லி பிரபு, பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரை அந்நாட்டு நிலவளத்தைக் கண்டறிய அனுப்பினார். அவர் 1800, 1801ஆம் ஆண்டுகளில் மைசூர், கொங்கு நாடு, மலபார், கன்னடம் வழியாகப் பயணம் செய்தார். ஊர் ஊராக நின்று, என்ன விதைக்கிறார்கள், எத்தனை உழவு உழுகிறார்கள், ஆளுக்கு என்ன கூலி என்றெல்லாம் கேட்டு எழுதினார். அவருடைய குறிப்புகள் 1807ஆம் ஆண்டு இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. நூற்றாண்டின் பிற்பகுதியில் நிக்கல்சன் என்ற அதிகாரி கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு விரிவான கையேடு ஒன்றை எழுதினார். அது 1887ஆம் ஆண்டு வெளிவந்தது. கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வழிகாட்டியவர் என்று பிற்காலத்தில் பெயர் பெற்றவரும் இவரே. இத்தகைய எழுத்துகளோடு நம் உழவர்களின் வழிவழிப் பழக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு கம்பங்காட்டின் ஆண்டு நம் கண்முன் விரியும்.

கோடை மழை ஒன்றிரண்டு பெய்ததும் ஏர் பூட்டுவார்கள். நாட்டுக் கலப்பை ஆழமாகப் போகாது. ஆனால் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு முறை உழும்போது மண் பொடியாகிவிடும். அதற்கு முன்பே அந்தக் காட்டில் பட்டி போட்டிருப்பார்கள். மூங்கிற் படல்களால் அடைப்புக் கட்டி, செம்மறி ஆடுகளை இரவில் அதற்குள் அடைப்பது பட்டி. மறுநாள் படல்களைச் சற்றுத் தள்ளி நட்டுவிட்டால் அடுத்த துண்டு நிலத்துக்கு எரு. வண்டியும் வேண்டாம், சுமக்கும் ஆளும் வேண்டாம்; எரு தானே நடந்து வந்து சேர்கிறது! நார்ஃபோக்கில் டர்னிப் வயலில் ஆடு அடைத்ததும் இதே வேலைதான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்து விதைப்பு. இங்கேதான் செய்தி இருக்கிறது. விதைப்பெட்டியில் கம்பு மட்டும் இராது. கம்போடு மொச்சை, தட்டைப்பயறு, அவரை, துவரை ஆகியவற்றில் சில கலந்திருக்கும். சில காடுகளில் சில சால்களுக்கு ஒரு சால் என்று ஆமணக்கோ துவரையோ தனியாக விழும். மழை கண்டதும் எல்லாம் சேர்ந்து முளைக்கும். கம்பு மூன்று மாதத்தில் விளைந்துவிடும். அதுவரை மொச்சையும் துவரையும் அதன் நிழலில் அடங்கிக் கிடக்கும். கம்பங்கதிரை அறுத்துத் தட்டையை மாட்டுக்கு எடுத்த பிறகு, வெயில் படப்பட அவை தழைக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துப் படர்ந்து, மார்கழி தை மாதங்களில் காய்க்கும். துவரைக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். ஆமணக்கு அதற்கும் பிறகு நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரே கம்பங்காடு. அடுத்த ஆண்டும் அதே கம்பங்காடு. ஆனால் உண்மையில் அந்த ஒரே நிலத்தில் ஒரே ஆண்டில் தானியமும் பயறும் எண்ணெய் வித்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. நார்ஃபோக் உழவர் நான்கு வயல்களில் நான்கு ஆண்டுகளில் சுற்றியதை, கொங்கு உழவர் ஒரே காட்டில் ஓராண்டுக்குள் சுற்றினார்.

ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? மழையை நம்ப முடியாது என்பதே முதற்காரணம். ஆடிப்பட்டத்து மழை பொய்த்தால் கம்பு போகும். பின்மழை வந்தால் மொச்சையும் துவரையும் பிழைக்கும். முன்மழை பெய்து பின்மழை பொய்த்தால் கம்பு வீட்டுக்கு வரும், பயறு காயும். இரண்டும் போய்விட்டது என்று கண்டால் புரட்டாசி, ஐப்பசியில் கொள்ளை விதைப்பார்கள். மிகக் குறைந்த ஈரத்திலும் கொள் ஏதோ கொடுத்துவிடும். மாட்டுக்கும் ஆகும், வீட்டில் இரசத்துக்கும் ஆகும். மற்றொரு காரணம் வேர். கம்பின் வேர் மேல் மண்ணில் பரவும். துவரையின் வேர் ஆழத்தில் இறங்கும். இரண்டும் ஒரே தட்டில் கை போடுவதில்லை.

எல்லா நிலமும் இப்படியே இருந்தது என்று நாம் சொல்லவில்லை. மண்ணுக்கு மண் முறை மாறியது. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் மண்ணில் ஓராண்டு பருத்தி, மறு ஆண்டு கம்பு என்று வெளிப்படையாகவே பயிர் மாற்றினார்கள். அதை நார்ஃபோக்காரர் வந்தாலும் ஒத்துக்கொள்வார். சோளத்துக்குப் பின் வரும் பயிர் சோர்ந்து போகும் என்பதை உழவர்கள் அறிந்திருந்தனர். கங்கயம் பக்கத்தில் கொறங்காடு என்று ஒன்று உண்டு. சுற்றிலும் முள்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல் மரம். சில ஆண்டுகள் மாடு மேய்த்த பின் உழுது தானியம் விதைப்பார்கள். மீண்டும் புல்லுக்கு விடுவார்கள். புகழ்பெற்ற கங்கயம் காளைகள் இந்தப் புல்லில் வளர்ந்தவை. காவிரிப் பாசன நன்செயிலோ நெல்லுக்குப் பின் நெல்தான். அங்கேயும் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயற்றையும் தெளிக்கும் வழக்கம் உண்டு. அறுப்புக்குப் பின் பனியையும் எஞ்சிய ஈரத்தையும் கொண்டு அது விளைந்துவிடும்.

கிணற்றுப் பாசனத் தோட்டம் தனி உலகம். கவலை ஏற்றத்தில் இரண்டு எருதுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே வரும். பின்னுக்கு நடக்க நடக்கச் சால் கிணற்றுக்குள் இறங்கும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை இந்த நடை. இவ்வளவு பாடுபட்டு இறைத்த நீரை வீணாக்க யாருக்கு மனம் வரும்? ஆகவே கேழ்வரகு, சோளம், புகையிலை, மிளகாய், காய்கறி என்று தோட்டத்தில் நிலம் ஓய்வதே இல்லை. கிடைத்த எருவில் பெரும்பகுதியும் அங்கேதான் போயிற்று.

இதுவரை ‘உழவர்’ என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டு வந்தோம். அச்சொல்லுக்குள் இரண்டு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். பட்டா யார் பெயரில் இருந்ததோ அவர் ஒருவர். அவர் காட்டில் வேலை செய்தவர் மற்றொருவர். வேளாண்மை நூல்கள் முதலாமவரைப் பற்றியே நிறையப் பேசுகின்றன.

கொங்கு நாட்டில் பண்ணையாள் ஆண்டுக் கணக்கில் அமர்த்தப்பட்டார். கூலி பெரும்பாலும் தானியம். வள்ளத்தால் அளந்து கொடுப்பார்கள். திருமணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய முன்பணம் அடைபடாமல் அடுத்த ஆண்டுக்கும், அதற்கடுத்த ஆண்டுக்கும் அவரைப் பிணைத்து வைத்தது. தஞ்சைப் பகுதியில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாகவே இருந்தனர். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஆதரவை நீக்கியது. கடன் நீங்கவில்லை, ஆகவே பல இடங்களில் பெயர்தான் மாறிற்று. இவர்களிற் பெரும்பாலோர் தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சாதியினர். கவலை ஏற்றத்தின் தோற்பகுதியைத் தைத்துக் கொடுத்தவரும் அவர்களுள் ஒருவரே. அந்தத் தோல் இல்லையேல் தோட்டமே இல்லை. ஆனால் களத்தில் தானியம் பங்கிடும்போது அவர் எட்டி நின்றுதான் வாங்க வேண்டியிருந்தது.

கலப்புப் பயிர்க் காட்டில் களை எடுப்பது எளிய வேலை என்று எண்ணிவிடக்கூடாது. கம்பின் நாற்று, தட்டையின் நாற்று, துவரையின் நாற்று, ஆமணக்கின் நாற்று ஆகியவற்றை இன்னது இன்னதென்று தெரிந்துகொண்டு, நடுவில் முளைத்த புல்லை மட்டும் களைக்கொட்டால் கொத்தி எடுக்க வேண்டும். அடர்ந்த இடத்தில் கலைத்துவிட வேண்டும். வரிசையில்லாத காட்டில் குனிந்த முதுகோடு இதைச் செய்தவர்கள் பெண்கள். இது எந்தப் பள்ளியிலும் கற்றுக்கொடுக்காத படிப்பு. கலப்புப் பயிரினால் அவர்களுக்கு ஒரு நன்மையும் இருந்தது. ஒரே பயிரென்றால் விதைப்புக்குச் சில நாள், அறுப்புக்குச் சில நாள் என்று வேலை முடிந்துவிடும். இங்கேயோ கம்பு அறுப்பு, தட்டைக்காய் பறிப்பு, மொச்சை, துவரை, ஆமணக்கு, பருத்தி எடுப்பு என்று வேலை பல மாதங்களுக்குப் பரந்து கிடந்தது. எடுத்ததில் ஒரு பங்கு கூலியாக மடியில் விழுந்தது. நிலத்துக்கு ஓய்வில்லாத முறை, கூலி வீட்டில் அடுப்பு அணையாத முறையாகவும் இருந்தது.

அரசாங்கம் என்ன செய்தது? 1860களின் நடுவில், ஆளுநர் டெனிசன் காலத்தில், சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் ஒரு மாதிரிப் பண்ணையை அமைத்தது. இரும்புக் கலப்பை, ஆழ உழவு, புதிய விதை எல்லாம் அங்கே சோதிக்கப்பட்டன. அதற்கும் முன்பே, 1840களில், அமெரிக்காவிலிருந்து பருத்தி பயிரிடுவோரை வரவழைத்துக் கோயம்புத்தூரில் சோதனை நடத்தினார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் தாவர நூலறிஞர் இராபர்ட் வைட். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. நாட்டுப் பருத்தியை உழவர்கள் கைவிடவும் இல்லை. இரும்புக் கலப்பையும் எளிதில் பரவவில்லை. அதை இழுக்க வலுவான எருதுகள் வேண்டும். உடைந்தால் ஊர்க் கொல்லரால் செப்பனிட முடியாது. விலையோ பல மடங்கு. நாட்டுக் கலப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்கு நடந்துவிடலாம். ‘உழவர் பிடிவாதக்காரர்’ என்று இதற்குப் பெயர் வைத்தது நியாயமாகத் தோன்றவில்லை.

இந்நிலையில்தான் வோல்க்கர் வந்தார். ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் இங்கிலாந்து அரச வேளாண்மைக் கழகத்தின் ஆலோசனை வேதியியலறிஞர். இந்திய வேளாண்மையைச் சீர்திருத்த வழி சொல்லும்படி அவரை அனுப்பினார்கள். 1889ஆம் ஆண்டின் இறுதியில் வந்து, ஓராண்டுக்கு மேல் நாடு முழுவதும் சுற்றி, 1893ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டார். குறை காண அனுப்பப்பட்டவர் என்ன சொன்னார் தெரியுமா? இந்திய உழவருக்கு மாற்றுப் பயிர் தெரியாது என்பது தவறு என்றார். ஒரே வயலில் பல பயிர்களைக் கலந்து விதைப்பதே அதன் ஒரு வடிவம் என்று கண்டுகொண்டார். சிறந்த இடங்களில் இங்கிலாந்து உழவருக்குச் சற்றும் தாழாதவர் என்றார். இங்கிலாந்து வேளாண்மைக்குத் திருத்தம் சொல்வது எளிது, இந்தியாவுக்குச் சொல்வதுதான் கடினம் என்று ஒளிக்காமல் எழுதினார். சாணத்தை எரிப்பது அறியாமையால் அல்ல, விறகு இல்லாமையால்; ஆகவே ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்கும் மரக்காடு வளர்த்துக் கொடுங்கள் என்று அரசாங்கத்துக்கே வேலை வைத்தார். அவர் கண்மூடிப் புகழ்ந்தவர் அல்லர். ஒரு மாவட்டத்தில் நன்றாகச் செய்வதை அடுத்த மாவட்டத்தில் செய்யாமல் இருக்கிறார்கள் என்று குறையும் சொன்னார். அது உண்மைதான்.

வோல்க்கர் இந்தியாவுக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1886ஆம் ஆண்டு, ஜெர்மனியில் ஹெர்மன் ஹெல்ரீகல் என்ற அறிஞர் ஒரு கண்டுபிடிப்பை அறிவித்தார். அவரை, துவரை, குளோவர் போன்ற செடிகளின் வேரில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகின்றன. 1888ஆம் ஆண்டு அவரும் அவருடைய துணைவர் வில்ஃபார்த்தும் முழு ஆய்வையும் வெளியிட்டனர். கம்போடு மொச்சையைக் கலந்த உழவருக்கும், கோதுமைக்கு முன் குளோவரை வைத்த நார்ஃபோக் உழவருக்கும் பயன் தெரிந்திருந்தது, காரணம் தெரியாது. இருவருக்கும் காரணம் ஒன்றே.

அப்படியிருந்தும் பஞ்சம் வந்ததே என்று கேட்கலாம். வந்தது. நிலவரியைப் பணமாகக் கட்ட வேண்டும். பணத்துக்குச் சந்தைப் பயிர் வேண்டும். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது பருத்தி விலை விண்ணுக்கு ஏறியது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. பிறகு 1876, 1877ஆம் ஆண்டுகளில் பருவமழை அடுத்தடுத்துப் பொய்த்தது. முன்மழை பொய்த்தால் பின்மழை என்று கணக்குப் போட்ட முறை, இரண்டும் பொய்த்தபோது என்ன செய்யும்? மாடுகள் மடிந்தன. மாடு போனால் ஏரும் இல்லை, ஏற்றமும் இல்லை, எருவும் இல்லை. சேலம் மாவட்டத்தில் 1871ஆம் ஆண்டு 19 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை, 1881ஆம் ஆண்டுக் கணக்கில் 16 லட்சமாகக் குறைந்திருந்தது. முதலில் வீழ்ந்தவர்கள் தானியக் கூலியை நம்பியிருந்தவர்கள். காட்டில் விளைச்சல் இல்லையென்றால் பண்ணையாளுக்கு வள்ளத்தில் அளக்க ஒன்றும் இல்லை. எஞ்சியவர்களிற் பலர் இலங்கைக்கும் மலாயாவுக்கும் நடையைக் கட்டினார்கள்.

இங்கே அவர்களை எதிர்கொண்டது வேறு வகை வேளாண்மை. வெல்லெஸ்லி மாநிலம் என்று அன்று வழங்கிய செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள். மற்ற இடங்களில் காப்பித் தோட்டங்கள். எங்கு நோக்கினும் ஒரே பயிர். 1896ஆம் ஆண்டு மலாக்காவில் டான் சாய் யான் முதல் ரப்பர்த் தோட்டத்தைப் போட்ட பின், அந்த ஒரே பயிரும் ரப்பர் ஆகிவிட்டது. தொடக்ககாலத் துரைமார்களுக்கு மரத்தடியில் ஒரு புல் தெரியக்கூடாது. கம்பங்காட்டில் நாற்றையும் களையையும் பிரித்தறிந்த கைகள் இங்கே முளைத்ததை எல்லாம் வழித்துத் தள்ளின. குன்றுச் சரிவுகளில் பெய்த கனமழை மேல்மண்ணை ஆற்றுக்குக் கொண்டுபோயிற்று.

தோட்ட நிர்வாகங்கள் இதை உணர்ந்து, 1920கள், 1930களில் முறையை மாற்றத் தொடங்கின. இளம் ரப்பர்க் கன்றுகளின் வரிசைகளுக்கிடையே கொடிப்பயிர்களை மூடுபயிராக வளர்க்கலாயினர். அக்கொடிகள் அவரை இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வேரிலும் அதே முடிச்சுகள் உண்டு. அந்த விதையைச் சரிவுகளில் ஊன்றியவர்களிலும் தமிழ்த் தொழிலாளர் இருந்தனர்.